லிஃப்ட் மெக்கானிக் படியேறுகிறார்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. பல் டாக்டரைப் பார்க்க ஒரு கட்டிடத்துக்குப் போயிருந்தேன். லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், தோளில் கருவிப் பையோடு, லிஃப்டைக் கண்டுகொள்ளாமல் படியேறிப் போனார். அவரே ஏறவில்லையே என்று நானும் ஏறவில்லை. என் பின்னால் நின்றவர்களும் ஏறவில்லை. மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தபோது பல்வலி போய்க் கதை வந்திருந்தது.

2

"அதிகாலைப் பனியில் அவர் மெல்ல..." (வேண்டாம். பனியில் நடந்தவர்கள் கதையில் ஏற்கெனவே ஏராளம்.)

"அவருடைய உடம்பு ஒரு..." (உவமை அகப்படவில்லை. பருத்த உடம்பு, அவ்வளவுதான்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவருக்கு இருதுருவ மனநோய். கொஞ்ச காலம் தலைகால் புரியாத உற்சாகம், கொஞ்ச காலம் கட்டிலை விட்டு எழ முடியாத சோர்வு. மாத்திரை இரண்டையும் அடக்கி வைத்திருக்கிறது. ஆனால் அதே மாத்திரை பசியைக் கிளப்பியது. தொப்பை வந்தது, பின்னாலேயே சர்க்கரையும் வந்தது. மன டாக்டர், மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றார். சர்க்கரை டாக்டர், எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அவர்கள் சந்தித்துக்கொள்ளும் ஒரே இடம் இவருடைய வயிறு.

(மேலும் கீழும் போகிற நோய்க்கு லிஃப்ட் வேலையா, குறியீடு காட்டுகிறாயா என்று கேட்பீர்கள். எனக்கும் உறைத்தது. குழாய் ரிப்பேர்காரராக மாற்றிப் பார்த்தேன், கதை நகரவே மாட்டேன் என்றது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3

ஆக, எடையைக் குறைக்கப் படியேறினார். உடனே புகார் வந்தது. ரிப்பேர் செய்தவரே ஏற மாட்டேன் என்கிறார், நாங்கள் எப்படி ஏறுவது என்று குடியிருப்பவர்கள் கம்பெனியைப் பிடித்து உலுக்கினார்கள். கடைசியில் மேனேஜர் ஒரு சமரசத்துக்கு வந்தார். வேலை முடிந்ததும் எல்லாரும் பார்க்கும்படி ஒரு தடவை லிஃப்டில் போய்வர வேண்டும். அதற்குப் பிறகு படியோ கயிறோ அவர் இஷ்டம்.

காலையில் நடையும் சேர்ந்துகொண்டது. டீயில் சர்க்கரை போனது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டார். நன்றாகத் தூங்கினார். ஒருநாள் காலை ஷூவுக்குக் கயிறு கட்டும்போது, தன்னை அறியாமல் சீட்டியடித்தார்.

சமையலறையிலிருந்து அவருடைய மனைவி கரண்டியும் கையுமாக வந்து நின்றார்.

"மாத்திரை போட்டீங்களா?"

4

முதல் வரைவில் அந்த அம்மாவைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். ஏனென்றால் போன தடவை நோய் தொடங்கியதும் இப்படித்தான். விடியுமுன் எழுந்தார், சீட்டியடித்தார், ஓடியாடி வேலை செய்தார். பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். பிறகு வீட்டுக் கதவுகளை, கழிவறைக் கதவு உட்பட, கழற்றிக் கூடத்தில் அடுக்கினார். லிஃப்ட் கதவு மாதிரி தானாகத் திறக்க வைக்கப் போகிறாராம். அப்புறம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றார். மச்சான்கள் இழுத்துப் பிடித்து இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த அம்மா கதவே இல்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுதார். அதிலிருந்து, கணவர் சிரித்தால் அந்த அம்மாவின் கண் முதலில் கதவுகளைத்தான் பார்க்கும்.

5

இவர் என்ன செய்தார் தெரியுமா? சந்தோஷத்தை மறைக்கக் கற்றுக்கொண்டார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாக்கிங் கிளம்புவார். தெருமுனை திரும்பியதும் கையை வீசி நடப்பார். திரும்பி வந்து வாசலில் நின்று முகத்தைச் சரிசெய்துகொள்வார், அதாவது கெடுத்துக்கொள்வார்.*

அதைப் பார்த்த அந்த அம்மாவுக்கு இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. சோர்வு ஆரம்பித்துவிட்டதோ?

* சர்க்கரை குறைந்துவிட்டது என்று டாக்டர் கைகுலுக்கியபோதும் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். டாக்டர் பயந்துபோய், எதற்கும் மன டாக்டரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றார்.

6

முடிவு ஒன்று: எடை இன்னும் குறையட்டும் என்று மாத்திரையைத் திருட்டுத்தனமாக நிறுத்துகிறார். ஒரு... (இல்லை. ஒழுங்காகப் போடுகிறார். கதை சூடாக வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு இரண்டு: கணவனும் மனைவியும் கைகோத்து நடக்கிறார்கள். சூரியன்... (இது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டும் போஸ்டர்.)

மூன்றாவது, எனக்குத் தெரிந்தவரை. ஒருநாள் காலை அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"போட்டுட்டேன்," என்றார் இவர், கேட்பதற்கு முன்பே.

"அதக் கேக்கல. மூஞ்சிய அப்படி வச்சுக்காம நிஜத்த சொல்லுங்க. நல்லா இருக்கீங்களா?"

நன்றாகத்தான் இருந்தார். ஆனால் போன தடவையும் நன்றாக இருப்பதாகத்தான் நினைத்தார். ஆமாம் என்றால் அந்த அம்மா பயப்படுவார். இல்லை என்றால் பொய், அதற்கும் பயப்படுவார். இது நலமா நோயா என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியாது. எழுதுகிறவனுக்காவது தெரியும் என்று நீங்கள் நம்பியிருந்தால், மன்னிக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்த முறை நம்பிவிட வேண்டும் என்று அந்த அம்மா தவியாய்த் தவித்தார்.

இவர் வாயைத் திறக்கிறார். பதிலை நீங்களே சொல்லுங்கள். ரொம்ப உற்சாகமாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.