மருந்து படாத வரிசை

பசுமைக்குடிலின் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு ஊதா விளக்கைப் போட்டவள், இடது வரிசையைப் பார்த்ததும் கிட்டே போய்க் குனிந்தாள்.

அந்த வெளிச்சத்தில் வெறும் தக்காளி இலை மங்கிய சிவப்பாகத் தெரியும். நானோ துகள் ஏறிய இலையோ பச்சையாக மின்னும். சத்தைச் சுமந்துகொண்டு இலை வழியே வேர்வரை இறங்கும் துகள் அது. அதோடு ஒற்றனைப்போல ஓர் ஒளிரும் சாயத்தையும் ஏற்றிவிட்டிருந்தான் அவள் கணவன். வலது வரிசைக்குத்தான் தெளிப்பு. இடது வரிசை சும்மா ஒப்பிட்டுப் பார்க்க. ஒரு சொட்டு மருந்து படாதது.

இடது வரிசை நரம்பு நரம்பாகப் பச்சையில் மின்னியது. விபத்தில் கணவன் போய்ச் சேர்ந்தபிறகு துளிர்த்த கொழுந்துகள்கூட!

"அண்ணே, இந்தப் பக்கமும் தெளிச்சிட்டீங்களா?"

"ஏம்மா, எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு?" தோட்டக்காரர் சிரித்தார். "இதுக்கு வெறும் தண்ணிதான். அதுவும் சார் சொன்ன மாதிரி சிக்கனமா. அந்தப் பக்கத் தொட்டிங்கள்ல வடியிற தண்ணிய வீணாக்காம இங்க ஊத்திடுவேன்."

வேருக்கு இறங்கிய துகள் வேரோடு நிற்கவில்லை.

அவள் பார்வை பழங்களுக்குப் போனது. 'இது சுத்தமான பழம்' என்று கணவன் வீட்டுக்கு அள்ளிப்போனது இந்த வரிசையிலிருந்துதான். மகளுக்குத் தக்காளி என்றால் உயிர். அவன் போனபிறகும் பழக்கம் விடவில்லை. நேற்றுகூட அவளே பறித்துப்போய் மகளுக்குக் கொடுத்தாள்.

ஊதா விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, காலில் வெந்நீர் கொட்டியதுபோல் வீட்டுக்கு ஓடினாள். ஜன்னல்களை அடைத்தாள்.

"கைய நீட்டுடி தங்கம். சும்மா, ஒரு விளையாட்டு."

அவளுக்குத்தான் விளக்கைப் போட விரல் வரவில்லை. மகளே எட்டிப் பொத்தானை அழுத்தினாள்.

ஒவ்வொரு நகத்தின் அடியிலும் மெல்லிய பச்சைப் பிறை.

"இன்னும் போகலையா?" மகள் உதட்டைப் பிதுக்கினாள். "அப்பா பார்த்தப்பவே இருந்துச்சே."

"அப்பாவா? எப்போடி?"

"லீவு அன்னிக்குக் கடைசியா வண்டிய எடுத்துட்டு அவசரமா போனாரே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி. இனிமே தக்காளியத் தொடாத, அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்னாரு."

"அப்புறம் ஏண்டி சாப்பிட்டே?"

"நீதானே குடுத்தே?" மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா உன்கிட்ட சொல்லிட்டாரு, இப்ப சாப்பிடலாம்போலன்னு நெனச்சேன்."