தச்சநல்லூர் சக்கர மணை

தொண்ணூற்று மூன்று ஆவணியில் தச்சநல்லூரில் தாலி கட்ட உட்கார்ந்த மாப்பிள்ளை காசிலிங்கம், மணையோடு உருண்டு மண்டபத்தை விட்டு வெளியே போனார். இன்னும் நிற்கவில்லை. அந்த ஆவணியில் தேங்காய் விலையும் கண்டபடி ஏறியிருந்தது.

எல்லாம் பெண்ணின் தகப்பனார் திருஞானசம்பந்தத்தின் பவுசால் வந்தது. வயலும் தோப்புமாக இருந்த காலத்தில் அவருடைய அப்பா அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஒரு பெட்டி சைக்கிள் சாமான் வரவழைத்தார். வெள்ளிபோல் மின்னும் மணி, டைனமோ விளக்கு, சீட்டுக்குப் பின்னால் தொங்கவிடும் தோல்பை. வீட்டில் சைக்கிள் கிடையாது. அந்த வம்சத்தில் எவருக்கும் ஓட்டவும் தெரியாது. மிதிப்பது கேவலமாம், மணி மட்டும் வேண்டுமாம்! அனுப்பிய கம்பெனி, அங்கத்துப் பிள்ளைகள் ஏறி நின்று தெருவில் சறுக்கும் சக்கரப் பலகையும் அப்போது செய்துவந்ததால், பெட்டியில் அதிலும் ஒன்றைப் போட்டிருந்தது. வயல் போயிற்று, பெட்டி மிஞ்சியது. வீட்டுக்கு வந்தவன் காப்பி குடிக்க வேண்டுமென்றால் முதலில் அந்த மணி அடிப்பதைக் கேட்டாக வேண்டும். பலகையைச் சீமை மணை என்று திருஞானசம்பந்தம் தானாகவே முடிவுகட்டி வைத்திருந்தார்.

மகள் ப்ரியா கங்கைகொண்டானில் ஒரு மில்லில் நூல் சோதிக்கும் வேலையில் இருந்தாள். பட்டினி கிடந்து அப்பாவிடம் சம்மதம் வாங்கிப் போன வேலை. தாலி ஏறியதும் அதை விட்டுவிட வேண்டும் என்றார் காசிலிங்கம். அவளைக் கேட்காமலே அப்பா தலையாட்டினார். அந்த எரிச்சலிலும் பலகையைப் பார்த்து நல்லதுதான் சொன்னாள்.

"இது மணை இல்லப்பா. டீவியில வெள்ளக்காரப் பயலுவ இதுல ஏறிச் சறுக்குதானுவ."

"ஏட்டி, சீமையில மணைக்குச் சக்கரம் உண்டு. ஒனக்கு என்ன தெரியும்? சும்மா கெட."

சொன்னதோடு நிற்காமல் பலகையின் முனையில் மணியையும் விளக்கையும் வேறு முடுக்கி, கல்யாண மேடையில் மாப்பிள்ளை உட்காரப் போட்டார். வந்த சொந்தமெல்லாம் வாயைப் பிளந்தது. காசிலிங்கம் தாலியை எடுத்து முன்னால் குனிந்தார். மணை நகர்ந்தது. மேடையிலிருந்து பூப்போல் இறங்கி, பந்திக்கு நடுவே புகுந்து, வாசலைத் தாண்டியது. காலை ஊன்றி எழுந்தால் தீர்ந்தது. ஆனால் தாலி கட்டுமுன் மாப்பிள்ளை மணையை விட்டு எழக்கூடாதே! அத்தனை பெரியவர்களும் பின்னால் ஓடி ஒரே குரலில் கத்தினார்கள்: "மாப்ளே, எந்திரிச்சிராதீங்க! குடும்பத்துக்கு ஆகாது!" பி.காம். படித்த அந்த மகா புத்திசாலியும் சம்மணத்தை இறுக்கிக்கொண்டார்.

மணை மேட்டிலும் ஏறியது. பட்டுவேட்டி நனையாமல் தாமிரபரணியின் மேல் உருண்டு, ராதாபுரம் வரை போய்த் திரும்பியது. மாலை வாடவில்லை. மணிச்சத்தம் கேட்டால் பஸ்காரர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். ப்ரியாவின் அம்மா அன்னத்தாய் ரோட்டோரம் நின்று இட்லிப் பொட்டலத்தை நீட்டுவாள், மாப்பிள்ளை போகிற போக்கில் வாங்கிக்கொள்வார். ப்ரியாவுக்குக் கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்று சொந்தக்காரக் கூட்டம் கூடிப் பேசி, வடையைத் தின்று, அவர் வந்து தாலி கட்டும்வரை அவள் வேலையை விட வேண்டியதில்லை, வேறு மாப்பிள்ளையும் பார்க்கக் கூடாது என்று தீர்த்தது. என்ன மூளை! ப்ரியா திங்கட்கிழமையே மில்லுக்குப் போய்விட்டாள். பிறகு சூப்பர்வைசரும் ஆனாள். மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது என்று அம்மாவிடம் வாய்விட்டே சொன்னாள்.

தொண்ணூற்றெட்டில் ஒரு காலை காசிலிங்கம் மில் வாசலுக்கே உருண்டு வந்து, வட்டமடித்தபடி கெஞ்சினார்.

"ப்ரியா, நீ வேலைக்கே போ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். என்னைய மட்டும் நிறுத்திரு."

"எந்திரிச்சு வாங்களேன்."

"தாலி கட்டாம எப்படி எந்திரிக்க? ஆகாதுல்லா?"

"அப்போ பாத்துப் போங்க. லாரி வருது" என்று சொல்லிவிட்டு ப்ரியா உள்ளே போனாள். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினான்.