ஆசீர்வாதம் கேட்ட குற்றம்

சின்னவன் செய்த குற்றம் இவ்வளவுதான்: ஹோம் ரன் அடித்துவிட்டு, ஓடுவதற்கு முன்னால் நின்று அம்மாவிடம் ஆசீர்வாதம் கேட்டான். அதற்காக அவன் விலாவில் பந்தை எறிய வேண்டும் என்று முடிவாயிற்று. எறியச் சொல்லிச் சைகை காட்டும் வேலை அவனுடைய சொந்த அண்ணன் தலையில் விழுந்தது.

அண்ணன் பெயர் ரதாமேஸ் பெகேரோ. வயது முப்பத்திரண்டு. ஒஹையோவில் கார்வில் என்ற சின்ன ஊரின் மைனர் லீக் பேஸ்பால் அணிக்குக் கேட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, எந்தப் பந்தை எங்கே போடுவது என்று தொடைகளுக்கு நடுவே விரல் காட்டி, பந்தெறியும் பிட்சருக்குச் சொல்வது அவன் பிழைப்பு. முழுப் பெயரைச் சொல்லச் சோம்பல்பட்டு அங்கே எல்லாரும் அவனை ‘ரே’ என்றார்கள். அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டான்.

அப்பா கரும்பாலையில் செத்த பிறகு, டொமினிக்கன் நாட்டில் இருந்த அந்த வீட்டைத் தாங்கியது அவனுடைய இரண்டு முட்டிகள்தான். ஓர் ஆட்டத்துக்கு நூற்றைம்பது தடவை குந்தி எழுந்த முட்டிகள். வீட்டின் தகரக் கூரை சிமெண்ட் ஆனதும், தங்கை நர்ஸ் ஆனதும், தம்பி வில்கின் வெறுங்காலோடு விளையாடாமல் வளர்ந்ததும் அவற்றால்தான். பதினோரு வருடத்தில் அவன் அடுத்த படியான மேஜர் லீக் மைதானத்தை டிவியில் பார்த்ததோடு சரி. ஆனால் வீட்டுக்கு ஃபோன் செய்யாத நாள் ஒன்று கிடையாது.

இப்போது முட்டி தேய்ந்துவிட்டது. அடுத்த வருடம் அதே அணியில் பயிற்சியாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அணியை நடத்தும் மேனேஜர் ப்ரூவிட் அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். எழுதாவிட்டால் விசா முடிந்து ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். இந்த முட்டியோடு அங்கே கரும்பு வெட்டக்கூட ஆகாது.

இந்த நிலைமையில்தான் அம்மா எர்சிலியா வந்து சேர்ந்தாள். நான்கு தடவை விசா மறுத்தவர்கள் ஐந்தாவது தடவை எந்தப் புண்ணியத்திலோ முத்திரை குத்திவிட்டார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி, அதே வாரம் வில்கினின் லாரல்டன் அணி கார்விலுக்கு ஆட வந்திருந்தது. இரண்டு பிள்ளைகளையும் ஒரே மைதானத்தில் பார்க்கலாம். அவள் இரண்டு அணிச் சட்டைகளையும் நடுவில் வெட்டி, பாதிக்குப் பாதி ஒட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு, மட்டைக்காரன் நிற்கும் பிளேட்டுக்குப் பின்னால் வலையை ஒட்டிய முதல் வரிசையில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு தூக்குப் பாத்திரம். அதில் வாழைக்காயை மசித்துச் செய்த மங்கு, மேலே பொரித்த பாலாடைக் கட்டி.

அவர்கள் ஊரில் பிள்ளைகள் வீட்டை விட்டு இறங்கும்போது ஆசீர்வாதம் கேட்பார்கள். திரும்பி வந்தால் கேட்பார்கள். ஃபோனை எடுத்தால் முதல் வார்த்தை அதுதான். கேட்காவிட்டால் ஒன்று பிள்ளைக்கு நாக்கு போயிருக்க வேண்டும், அல்லது அம்மாவோடு சண்டை என்று அர்த்தம்.

சனிக்கிழமை மத்தியானம் ரதாமேஸ் அவளை வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தான். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் ப்ரூவிட் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு நின்றார். ரதாமேஸ் தாடையை மட்டும் லேசாக உயர்த்திவிட்டு உள்ளே போய்விட்டான். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை மைதானத்தில் அம்மாவைக் கூப்பிட்டால் பெஞ்சில் ஒரு வாரம் சிரிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஆட்டத்துக்குப் பிறகு அவனுடைய அறையில் அவள் சமைத்துப் போட்டபோதும், இனி கேட்டால் அசிங்கம் என்று அவனும் கேட்காமல் விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. நான்காவது இன்னிங்ஸில் வில்கின் மட்டையோடு வந்து நின்றான். பிட்சர் டேனர் இருபது வயதுப் பையன், கார்வில் அணியின் செல்லப்பிள்ளை. அவன் போட்ட பந்தை வில்கின் தூக்கி அடித்தான். பந்து வேலியைத் தாண்டி, வாகனம் நிறுத்தும் இடத்தில் யாருடைய கார் மேலோ விழுந்தது.

வில்கின் ஓடவில்லை. மட்டையை இடது கையில் பிடித்துக்கொண்டு, அண்ணன் தலைக்கு மேலாக வலையைப் பார்த்து உரக்கக் கூவினான்.

“ஆசீர்வாதம், அம்மா!”

“கடவுள் உன்ன ஆசீர்வதிக்கட்டும், என் ராசா! ஓடு, ஓடு, தடுக்கி விழுந்துராத!”

அப்புறம்தான் மட்டையைப் போட்டுவிட்டு ஓடினான். மொத்தம் ஐந்து விநாடி இருக்கும்.

அந்த ஆட்டத்துக்கு எழுதிய சட்டப் புத்தகம் ஒன்று உண்டு. அதைவிடப் பெரியது எழுதாத சட்டம். அதை யார், எப்போது எழுதாமல் விட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. மீறினால் அடிபடப் போகிறவன் யார் என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும். ஹோம் ரன் அடித்தவன் சந்தோஷப்படக் கூடாது. நின்று பார்க்கக் கூடாது. சாவு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு ஓட வேண்டும். இல்லையென்றால் பிட்சருக்கு அவமானமாம். என்ன அவமானமோ! அவன் போட்ட பந்தை அடித்தது அவமானமில்லை, அடித்தவன் அம்மாவைக் கூப்பிட்டது அவமானம்.

இன்னிங்ஸ் முடிந்து பெஞ்சுக்கு வந்ததும், அணியில் எல்லாரும் ‘ஸ்கிப்’ என்று கூப்பிடும் ப்ரூவிட் ரதாமேஸைத் தனியாக அழைத்தார்.

“உன் தம்பி நம்ம பையன் மூஞ்சில கரியப் பூசிட்டான், ரே.”

“இல்ல ஸ்கிப். அவன் எங்க அம்மாகிட்ட ஆசீர்வாதம் கேட்டான். எங்க ஊரு வழக்கம். அம்மா இப்பதான் மொத மொறையா...”

“ஆசீர்வாதம் வேணும்னா சர்ச்சுக்குப் போகச் சொல்லு. அடுத்த தடவ வந்து நிப்பான்ல, விலாவுல ஒண்ணு விழணும். டேனர்கிட்ட சொல்லிட்டேன். சைகை நீ காட்டு.”

“வேற கேட்சர அனுப்புங்க ஸ்கிப். என் கூடப் பொறந்தவன்.”

“அதனாலதான் நீ காட்டணும்கறேன்.” ப்ரூவிட் தரையில் துப்பினார். “பயிற்சியாளர்னா அணிதான் குடும்பம். உன்னப் பத்தின காகிதம் என் மேசை மேல இருக்கு. இன்னும் கையெழுத்துப் போடல.”

குடும்பமாம்! சுவர் முழுக்கக் ‘குடும்பத்தோடு வாருங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டி டிக்கெட் விற்கிற அணி அது. கைக்குழந்தைகளுக்குத் தொப்பி இலவசம். குடும்பம் என்று ஒன்று நிஜமாகவே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தால் அதன் பிள்ளையின் விலாவை உடைப்பார்களா?

ஆனால் அந்தச் சைகை அவனுக்குப் புதிதில்லை. கட்டை விரலை மட்டைக்காரன் பக்கம் சுண்ட வேண்டும். இந்தப் பதினோரு வருடத்தில் எத்தனையோ தடவை சுண்டியிருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன் யோஹான்ட்ரி என்று ஒரு வெனிசுவேலாப் பையன். இதே போல ஹோம் ரன் அடித்துவிட்டுச் சிரித்தான், அவ்வளவுதான். அடுத்த தடவை அவன் வந்தபோது ரதாமேஸ் விரலைச் சுண்டினான். பந்து மணிக்கட்டில் பட்டது. காய்ந்த குச்சி முறிவது போன்ற சத்தம் பிளேட்டுக்குப் பின்னால் அவனுக்கு நன்றாகக் கேட்டது. பையன் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. “நல்ல வேலை, ரே” என்று ப்ரூவிட் அன்று முதுகில் தட்டினார். இவனும் பல்லைக் காட்டினான். குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள் என்பார்கள். குனிவதையே தொழிலாக வைத்துக்கொண்டவனை என்ன சொல்வது?

ஏழாவது இன்னிங்ஸில் வில்கின் மறுபடி வந்தான். காலால் மண்ணைக் கிளறி நின்றுகொண்டே, தலையைத் திருப்பாமல் பேசினான்.

“என்னண்ணே, உர்ருன்னு இருக்க? ஹோம் ரன் அடிச்சதுக்குப் பொறாமையா?”

“வாய மூடிட்டு நில்லுடா.”

“மங்கு முழுக்க எனக்குத்தானாம். அம்மா சொல்லிட்டா. நீதான் பெரிய மனுசனாயிட்டியே, ஆசீர்வாதம்கூட வேணாம்ங்கற.”

ரதாமேஸுக்குச் சுருக்கென்றது. குந்தினான். தம்பியை விட்டு விலகிப் போகும் வெளிப்பக்கப் பந்துக்கு விரல் காட்டினான். பந்தெறியும் மேட்டில் நின்ற டேனர் தலையை ஆட்டி மறுத்தான். மறுபடியும் அதையே காட்டினான். மறுபடியும் மறுப்பு. டேனர் பெஞ்சைப் பார்த்தான். சொன்னதைச் செய் என்பது போல ப்ரூவிட் தொப்பியைத் தொட்டார். ரதாமேஸ் ஆட்டத்தைச் சற்று நிறுத்தும்படி அம்பயரிடம் கேட்டுவிட்டு மேட்டுக்கு நடந்தான்.

“வெளிப்பக்கம் போடு, டேனர்.”

“முடியாது ரே. ஸ்கிப் என்ன சொன்னாருன்னு உனக்கே தெரியும்.” பையனின் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. “எனக்கு மட்டும் ஆசையா? போடலைன்னா நான் கோழைன்னு மேல எழுதி அனுப்பிருவாரு.”

“நான் சைகை காட்ட மாட்டேன்.”

“காட்டலைன்னாலும் போடுவேன். போட்டுத்தான் ஆகணும்.”

இவனும் ஓர் அம்மா பெற்ற பிள்ளைதான், இவனையும் இந்த வயதிலேயே கெடுத்து வைத்திருக்கிறார்களே என்று ரதாமேஸுக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. பிளேட்டுக்குத் திரும்பி வந்தான். எழுதாத சட்டத்தில் ஒரு சட்டம் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. உள்ளே நடப்பதை உரக்கச் சொல்லக் கூடாது. எலும்பை உடைத்தவனை மன்னிப்பார்கள். உடைக்கச் சொன்னது யார் என்று வாயைத் திறந்தவனை ஒரு மைதானத்திலும் ஒரு நாளும் மன்னிக்க மாட்டார்கள்.

அவன் குந்தவில்லை. முகமூடியைக் கழற்றினான். வில்கினுக்கு முன்னால் போய், பிட்சருக்கும் தம்பிக்கும் நடுவே பிளேட் மேலேயே நின்றுகொண்டான். அம்பயரைப் பார்த்து, இரண்டு பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் சொன்னான்.

“இவன் விலாவுல எறியணும்னு எங்க மேனேஜர் சொல்லியிருக்காரு. என்னத்தான் சைகை காட்டச் சொன்னாரு. நான் காட்டல. உங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன்.”

தலை நரைத்த அம்பயர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “யோசிச்சுத்தான் பேசுறியா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இத்தன வருஷமா யோசிக்கல. இப்ப யோசிச்சுட்டேன்.”

அம்பயர் இரண்டு பெஞ்சையும் நோக்கிக் கையை நீட்டினார். “எச்சரிக்கை! இனி ஒரு மட்டைக்காரன் மேல பந்து பட்டா எறிஞ்சவனும் வெளியே, அவனோட மேனேஜரும் வெளியே!”

ப்ரூவிட் பெஞ்ச் இருந்த பள்ளத்திலிருந்து ஏறி ஓடி வந்தார். முகம் செக்கச் சிவந்திருந்தது. “கழட்டு! எல்லாத்தையும் இங்கயே கழட்டிப் போட்டுட்டுப் போ! அந்தக் காகிதத்த இன்னிக்கே கிழிச்சுப் போடறேன், பாத்துக்க!”

“கிழிச்சுக்கங்க” என்றான் ரதாமேஸ். மார்புக் கவசத்தைக் கழற்றினான், கால் கவசங்களைக் கழற்றினான். பயந்துபோய் நின்ற வில்கின், “அண்ணே, என்னண்ணே இது” என்று கையைப் பிடித்தான்.

“நீ ஆடுடா. பயப்படாம நின்னு ஆடு.”

பெஞ்சில் இருந்தவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். அவனும் அந்தப் பக்கம் போகவில்லை. நேராக வலைக்குப் போனான். எல்லாரும் பார்க்க, கம்பியில் நெற்றியை வைத்தான்.

“ஆசீர்வாதம், அம்மா.”

எர்சிலியா எழுந்து நின்றாள். பாதிக்குப் பாதி தைத்த சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. “இதக் கேக்க ரெண்டு நாளாச்சாடா உனக்கு?” என்றாள். அவளுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. “அந்தச் செவப்பு மூஞ்சிக்காரர் ஏன் இப்படிக் கத்துறாரு?”

“தம்பிய அடிக்கச் சொன்னாரும்மா. நான் மாட்டேன்னுட்டேன்.”

“எதுக்கு அடிக்கணும்? அவன் என்ன பண்ணினான்?”

“உன்கிட்ட ஆசீர்வாதம் கேட்டான்.”

வலைக்குள் நுழைந்த அவள் விரல்கள் அவன் நெற்றிக்கு ஓர் அங்குலத்தில் நின்றன. “இது என்ன அக்கிரமம்! அம்மாவக் கூப்பிட்டா அடிப்பாங்களா? இவங்கெல்லாம் எங்கேருந்து பொறந்தாங்க?” என்று அந்த வரிசையே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். பிறகு திடீரென்று குரலை இறக்கினாள். “இதுக்கு முன்னாடி வேற யாரு பிள்ளையையாவது அடிக்கச் சொல்லியிருக்காரா?”

“சொல்லியிருக்காரு.”

“அப்ப நீ மாட்டேன்னு சொன்னியா?”

“இல்லம்மா. அப்ப சைகை காட்டினேன்.”

எர்சிலியா விரல்களை வலையிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

“அவன் பேரு என்ன?”

“யோஹான்ட்ரி. கை உடைஞ்சு போச்சும்மா. அப்புறம் ஆடல.”

“அவனப் பெத்தவ பேரு?”

“தெரியாது.”

“கண்டுபிடி. அவகிட்டப் பேசு. பேசிட்டு வந்து என்கிட்ட ஆசீர்வாதம் கேளு.”

அவள் உட்கார்ந்து தூக்குப் பாத்திரத்தை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை. ரதாமேஸ் கம்பியிலிருந்து நெற்றியை எடுத்தான். பின்னால் மட்டையில் பந்து பட்ட சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபோன் உடை மாற்றும் அறையில் இருந்தது. அதை எடுக்க நடந்தான்.