விலங்கு: எலி

மரிய செல்விக்கு வந்த ஆத்திரத்தில் கம்ப்யூட்டரைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பாள். அது கல்லூரிச் சொத்து, பிழைத்தது.

ஆவூரிலிருந்து புதுக்கோட்டைக்கு மூன்று வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து முனைவர் பட்ட ஆய்வுக்காக அவள் எழுதிய மென்பொருள் அதற்குள் இருந்தது. மூளை நரம்புகள் எப்படித் துடிக்கும் என்று கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்ப்பதற்கு சிமுலேஷன் என்று பெயர். அதில் வரும் எண்கள் ஆளுக்கொரு தினுசாகக் கிடக்கும். அவற்றை உலகத்தில் யார் திறந்தாலும் படிக்கிற மாதிரி ஒரே பொது வடிவத்தில் கோப்பாக மாற்றித் தருவதுதான் செல்வியின் மென்பொருள். அந்தப் பொது வடிவம் முதலில் உயிருள்ள விலங்குகளை ஆராய்கிறவர்களுக்காக வந்தது. அதனால் அதில் 'எந்த விலங்கு?' என்று ஒரு கட்டம் உண்டு. செல்வி அங்கே 'இல்லை, சிமுலேஷன்' என்று போட்டிருந்தாள்.

இன்று காலை திறந்தால் நானூற்றிருபது கோப்பிலும் 'எலி, ஆண், எட்டு வாரம்' என்று இருக்கிறது. கீழே, சோதனை செய்தவர்: மரிய செல்வி. மனுஷனுக்குக் கொஞ்சமாவது கூச்சநாச்சம் வேண்டாமா? அந்த ஆய்வகத்தில் எலிப்பொறிகூடக் கிடையாது.

அந்தக் கோப்புகளைத் திறக்கும் கடவுச்சொல் அவளைத் தவிர வழிகாட்டிப் பேராசிரியர் ஆத்மநாதனிடம்தான் இருந்தது. நேரே போய்க் கேட்டாள். அவர் மறுக்கவே இல்லை. சிமுலேஷன் என்றால் பெரிய பத்திரிகைக்காரன் திரும்பிப் பார்க்க மாட்டான், நிஜ எலி என்றால்தான் கட்டுரை ஏறும், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றார். அவளுடைய ஆய்வேட்டில் தான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைத்தார்.

"எலிக்கு நடந்துச்சுன்னு நம்பி நாளைக்கு ஒருத்தன் வலிப்புக்கு மருந்து தேடுவான் சார்," என்றாள் செல்வி.

"ஒனக்கு டாக்டர் பட்டம் வேணுமா, வேணாமா?"

விறுவிறுவென்று தன் இடத்துக்கு வந்தாள். மென்பொருளில் பத்தே வரி சேர்த்தாள். வந்தது சிமுலேஷன் என்றால், விலங்கு என்று எவன் எதைப் போட்டாலும் கோப்பு உருவாகாது. அத்தனை கோப்பையும் திரும்ப மாற்றினாள். கோப்புகளையும் மென்பொருளையும் சேர்த்து, இணையத்தில் யாரும் எடுத்துப் பார்க்கிற பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டாள்.

மத்தியானம் ஆத்மநாதன் கூப்பிட்டனுப்பினார். முகம் செத்துப்போயிருந்தது. மேசையில் அவளுடைய ஆய்வேடு கையெழுத்துப் பக்கத்தில் விரிந்து கிடந்தது. பேனாவைத் திறந்து கையில் வைத்திருந்தார்.

"ஏத்துனதை எடுத்துரும்மா. இப்பவே போட்டுத் தாரேன்."

மூன்று வருஷம் அந்த ஒரு கையெழுத்துக் கோட்டின் மேல் நின்றது. அப்பா ஆரோக்கியமுத்து பட்டமளிப்புக்கென்று எடுத்துவைத்த வேட்டிகூட அவள் நினைவுக்கு வந்தது. ஆனாலும் ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"பேனாவ மூடிக்கங்க சார்," என்றாள். "மை காஞ்சிரும்."