நல்ல ஹார்ட் டிஸ்க் வாங்கியவனின் கதை

1

இந்தக் கதை ஒரு எக்செல் அட்டவணையிலிருந்து பிறந்தது. கதைகள் வலியிலிருந்து பிறக்கின்றன, தனிமையிலிருந்து பிறக்கின்றன என்று மேடைகளில் நானே பேசியிருக்கிறேன். மன்னிக்க வேண்டும். இது இருபத்து மூன்று வரிசைகளிலிருந்து பிறந்தது. வரிசைக்கு ஒரு ஹார்ட் டிஸ்க். எதிரே அதன் வேகம், சத்தம், சூடு, வாரண்டி, வருடத்துக்கு நூற்றில் எத்தனை பழுதாகின்றன என்ற விவரம். நாவல் எழுதப்போகிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்ட மூன்று மாதங்களில் நான் முழுசாக முடித்த ஒரே படைப்பு அந்த அட்டவணைதான்.

வீட்டில் எல்லாருடைய படங்களும் ஃபைல்களும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று ஒரு பெட்டி வாங்கியிருந்தோம். வைஃபை வழியாக எந்த அறையிலிருந்தும் திறக்கலாம். உள்ளே இரண்டு டிஸ்க் போட வேண்டும். ஒன்றில் எழுதுவதை இன்னொன்று அப்படியே நகல் எடுத்துக்கொள்ளும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். எந்த இரண்டு என்பதுதான் கேள்வி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மழை பெய்துகொண்டிருந்தது. அவன் டிஸ்க்கைக் கையில் ஏந்தியபடி

மழைக்கும் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

[உனக்கு எதுவும் தோணலைன்னா மழை பெய்ய வச்சுடுவ. போன கதையிலயும் பெஞ்சுது.]

சதுர அடைப்புக்குள் வருபவை என் அக்காவின் பென்சில் குறிப்புகள். பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவள் வேலை. நான் எழுதுவதை முதலில் படிப்பவளும் அவள்தான். குறிப்புகளை நீக்காமல் விட்டிருக்கிறேன். கதையில் உருப்படியாக இருப்பவை அவை மட்டுமே என்பது காரணம்.

2

இந்தக் கதையில் அக்கா ஒரு பிரச்சினை. அவளைச் சோகமான பாத்திரமாக எழுத முடியவில்லை. மூன்று முறை முயன்றேன், மூன்றிலும் யாரோ பக்கத்து வீட்டுக்காரி மாதிரி வந்தாள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் தொண்டையில் புற்றுநோய் வந்து அவளுடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுகிறாள், எழுதிக் காட்டிப் பேசுகிறாள். எதையும் மறைத்து எழுதும் பழக்கம் அவளுக்கு இல்லை.

அறுவைக்கு முந்தைய வாரம் என் அறையில் உட்கார்ந்து தன் குரலைப் பதிவு செய்தாள். முந்நூற்றுப் பதினோரு ஃபைல்கள். "கதவைச் சாத்து." "ஒழுங்கா தலையை வாரிட்டுப் போ." பதினாறாம் வாய்ப்பாடு. ஒரு தும்மல். மூன்று வகைச் சிரிப்பு. எல்லாம் தன் மகளுக்காக. பாப்பாவுக்கு அப்போது ஏழு வயது.

"இது உன்கிட்ட மட்டும் இருக்கட்டும்," என்றாள். "இப்பவே குடுத்துடாத. குடுத்தா இதுல பேசறவதான் அம்மான்னு ஆயிடும். நான் வீட்டுல சும்மா சுத்திட்டிருக்கற யாரோ மாதிரி ஆயிடுவேன். அவளா எப்ப கேக்கறாளோ, அப்ப குடு."

அவற்றை ஒரு பழைய டிஸ்க்கில் போட்டு வைத்தேன். போன வருடக் கடைசியில் அது டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. பெட்டியும் அட்டவணையும் அதற்குப் பிறகுதான் வந்தன. என் நாவலுக்காக என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன்.

[நாவலுக்கா? அதுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதுமே.]

3

கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் கிளிக். எந்த டிஸ்க்கைக் கொடுத்தாலும் ஓடவிட்டுக் காதில் வைத்துக் கேட்பார். என் அட்டவணையை நான்கு தாள்களில் அச்செடுத்துக் கொண்டுபோனேன். அவர் அதைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் யாருடைய ஃபோன் நம்பரையோ குறித்துக்கொண்டார்.

"எந்த கம்பெனி நல்லதுண்ணே?" என்றேன்.

"எல்லா டிஸ்க்கும் ஒருநாள் போகும் சார். ரெண்டும் ஒரே நேரத்துல போகக்கூடாது, அதைப் பாருங்க. இதுல ஒண்ணு எடுத்துக்குங்க. இன்னொண்ணு வேற கடையில, வேற பேட்ச்ல வாங்குங்க."

வந்த வியாபாரத்தில் பாதியை வேறு கடைக்கு அனுப்பியதால் அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. அவர் சொன்னபடியே வாங்கினேன். பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் பெட்டிக்கு மாற்றினேன். பிறகு அந்தப் பழையதை எடுத்துக்கொண்டு மறுபடி அவரிடம் போய், ட்ரில்லிங் மெஷினால் அதில் ஓட்டை போடச் சொன்னேன்.

"எதுக்கு சார்? ஒரு டப்பாவுல போட்டு மூலையில வைங்களேன்."

"யாராவது எடுத்து உள்ள இருக்கறதைப் பார்த்துட்டா? ஒரு கட்டுரையில படிச்சேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஓட்டை போட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தேன்.

[எனக்கும்தான் ஓட்டை போட்டாங்க. நான் ஓடிட்டுதான் இருக்கேன். ஆனா உன் கதை ஓடலையே. அப்புறம் என்னதான் ஆச்சு?]

4

இங்கிருந்து கையால் எழுதுகிறேன். ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

மேலே உள்ள மூன்றையும் திங்கள் முதல் புதன் வரை கணினியில் எழுதி, அக்காவிடம் கொடுத்து, குறிப்புகளோடு திரும்ப வாங்கினேன். அவள் இதை வேடிக்கைக் கதை என்று நினைத்துப் படித்தாள். அப்படியே நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவளிடம் சொல்லவில்லை.

அன்று காலை பாப்பா என் அறைக்கு வந்தாள். இப்போது ஒன்பது வயது.

"மாமா, அம்மா பேசி வச்சதெல்லாம் உன்கிட்டதானே இருக்கு?"

"யார் சொன்னா?"

"அம்மாதான் எழுதிக் காட்டினாங்க. நான் கேட்டா நீ குடுப்பியாம்."

"இப்பவே கேக்கறியா?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை. பரீட்சை முடியட்டும். அப்ப அழுதாலும் பரவால்ல."

அவள் போனதும் ஃபோல்டரைத் திறந்தேன். முந்நூற்றுப் பதினோரு பெயர்களும் இருந்தன. எல்லாவற்றுக்கும் எதிரே அளவு பூஜ்யம்.

நடந்தது இதுதான். பழைய டிஸ்க்கிலிருந்து மாற்றும்போது முதல் முறை பாதியில் நின்றுபோனது, மறுபடி மாற்றினேன். அதனால் 'அக்கா', 'அக்கா 2' என்று இரண்டு ஃபோல்டர்கள். ஒன்றில் குரல், மற்றதில் வெறும் பெயர்கள். ஒரு மத்தியானம் நாவல் வராததால் பெட்டியை ஒழுங்குபடுத்தினேன். எதற்கு ஒரே விஷயம் இரண்டு தடவை என்று ஒன்றை நீக்கினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு டிஸ்க் நீக்கியதை மற்றதும் அந்த நொடியே நீக்கியது. நகல் எடுப்பதுதானே அதன் வேலை. முட்டாள் சொன்னாலும் கேட்குமா என்று என் அட்டவணையில் ஒரு கட்டம் இருந்திருக்க வேண்டும்.

5

ஞாயிற்றுக்கிழமையே பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பயந்துபோயிருந்தேன். பயந்தால் எனக்கு எழுத வரும். வியாழக்கிழமைதான் போனேன்.

கிளிக் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப டெலீட் பண்ணீங்க?"

"மூணு வாரம் இருக்கும். ஊருக்குப் போற அன்னிக்கு. போன சனிக்கிழமைதான் திரும்பி வந்தேன். அதுவரைக்கும் எல்லாம் ஆஃப்லதான் இருந்துச்சு."

"தெரிஞ்சது?"

"ஞாயித்துக்கிழமை."

"தெரிஞ்சதும் பெட்டியை ஆஃப் பண்ணிட்டீங்கல்ல?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"டெலீட் பண்ணா உடனே அழியாது சார். அந்த இடம் காலின்னு குறிச்சு வச்சிருக்கும், அவ்வளவுதான். மேல வேற ஏதாவது எழுதினாதான் போகும். அதுக்கப்புறம் ஏதாவது எழுதினீங்களா?"

"ஒரு கதை எழுதினேன்."

என் கணினி மணிக்கு ஒரு முறை தன்னை முழுசாகப் பெட்டிக்குள் நகல் எடுத்துக்கொள்ளும். என்னுடைய ஒரு வரியும் தொலையக் கூடாது என்று நானே செய்து வைத்த ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமையே வந்திருந்தால் பாதியாவது எடுத்திருக்கலாம் என்றார். இப்போது ஒன்றும் இல்லை.

"ஆனா டிஸ்க் ரெண்டும் அருமையா இருக்கு சார்," என்றார். ஆறுதல் சொல்லத்தான் சொன்னார்.

ஆக, நீங்கள் படித்து வந்த அந்த மூன்று பகுதிகள் அவள் குரல் இருந்த இடத்தில் எழுதப்பட்டவை. அந்த மழை எந்தச் சிரிப்பின் மேல் பெய்ததோ தெரியாது. எழுதியதற்காக வாழ்நாளில் முதல் தடவை வெட்கப்படுகிறேன். (விமர்சகர்கள் இதைக் கொஞ்சம் முன்னாலேயே எதிர்பார்த்திருக்கலாம்.)

6

முடிவுகள்.

அ. கிளிக் ஃபோன் செய்கிறார். ஒரே ஒரு ஃபைல் கிடைத்திருக்கிறது. தும்மல். எல்லாரும் சிரிக்கிறோம், பிறகு அழுகிறோம். பத்திரிகைக்கு அனுப்பினால் இதைத்தான் போடுவார்கள்.

ஆ. அக்கா ஆரம்பத்திலேயே தனக்கென்று ஒரு நகல் வைத்திருந்தாள். தம்பியைத் தெரிந்தவள் அப்படித்தான் செய்திருப்பாள். ஆனால் அவள் என்னை நம்பினாள்.

இ. நாளை ஞாயிற்றுக்கிழமை. நான் பாப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு

7

சனிக்கிழமை மத்தியானம் கையெழுத்துத் தாள்களை அக்காவிடம் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படிப்பாள். ஐந்தாம் பகுதியில் ஸ்கேல் நின்றுவிட்டது. அவள் அழுதாள்.

பிறகு பென்சிலை எடுத்து மூன்று முடிவுகளையும் அடித்தாள். கீழே எழுதினாள்.

[இது எதுவும் வேண்டாம். பாப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ உள்ள வராத. வந்தா எழுதிடுவ.]

பாப்பாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் வராந்தாவில் நின்றேன். அக்கா எழுதுவது வெளியே கேட்காது. பாப்பா பேசுவது கேட்கும். ஏதோ கேட்கிறாள், நிறுத்துகிறாள், மறுபடி கேட்கிறாள். இன்னும் ஓரடி பக்கத்தில் போனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழும்.

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிட்டேன். நீங்களும் வந்துவிடுங்கள்.