ஒரு நொடி முன்னால்

முப்பத்தோரு நாற்காலிகளில் ஏழு, இரண்டாம் நாள் காலையிலேயே காலியாகிவிட்டன. லாரி கம்பெனியின் பயிற்சி அறையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவ்வப்போது கதவு திறக்கும். அலுவலகப் பெண் ஒரு பெயரைப் படித்து, "பையையும் எடுத்துக்குங்க" என்பாள். பையோடு போனவர்கள் திரும்பி வரவில்லை. பழைய கம்பெனிகளிலிருந்து அவர்கள் வண்டி ஓட்டிய கதை கணினியில் வந்து சேர்ந்திருக்கும்.

வெண்டல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்திலிருந்து பதினோரு மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார். பத்தொன்பது மாதங்களாகக் கோழி இறைச்சி ஆலையில் பெட்டி அடுக்குகிறார். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் லாரி. ஒன்பது கம்பெனிகள் விண்ணப்பத்தைத் திருப்பியிருந்தன. இது பத்தாவது.

பக்கத்து நாற்காலியில் ஒக்லஹோமாக்காரர் கிளைட் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார்.

"எனக்கு வேகமாப் போனதுக்கு ரெண்டு அபராத டிக்கெட்டு, ரெண்டு விவாகரத்து. எதைப் பாத்து வெரட்டப் போறானுங்களோ. உனக்கு என்னய்யா?"

"ஒண்ணு."

"டிக்கெட்டா?"

வெண்டல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளு."

கிளைட்டின் தாடை நின்றது.

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. "வெண்டல் டப்ஸ். பையையும் எடுத்துக்குங்க."

ஜெனீவா மேடத்தின் அறையில் இரண்டு காகிதங்கள் அருகருகே இருந்தன. பதிவுகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. ஒன்றை விரலால் தொட்டாள்.

"போலீஸ் ரிப்போர்ட்டு சுத்தமா இருக்கு மிஸ்டர் வெண்டல். காரோட்டி தூங்கிட்டாரு, கோட்டைத் தாண்டி உங்க முன்னால வந்துட்டாரு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்புறம் ஏன் மேடம்?"

"பழைய கம்பெனி 'விபத்தைத் தவிர்த்திருக்கலாம்'னு போட்டு அனுப்பியிருக்கு. நீங்களே சொன்னதா."

வெண்டலுக்கு அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரம் ஞாபகம் வந்தது. மறந்திருந்தால்தானே வருவதற்கு. இறந்தவரின் மனைவி ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றாள். திட்டவில்லை. வெண்டலின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமே செஞ்சிருக்க முடியாதா?" என்று மட்டும் கேட்டாள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒரு நொடி முன்னால பிரேக்கை மிதிச்சிருக்கலாம்மா" என்றார். காப்பி இயந்திரத்தின் அருகே அவர் அப்போது ஓட்டிய கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி குறிப்பேட்டோடு நின்றதை அவர் கவனிக்கவில்லை.

ஜெனீவா ஒரு படிவத்தை நகர்த்தினாள். "எங்க வீட்டுக்காரரும் லாரிதான், அதான் சொல்றேன். அதிர்ச்சியில உளறிட்டேன், அது உண்மையில்லைன்னு எழுதுங்க. மாத்திடுவாங்க. அடுத்த மாசமே நான் கூப்பிட்டுக்கிறேன்."

வெண்டல் வெளியே போய் மனைவியை அழைத்தார். ரொண்டா முழுதும் கேட்டாள்.

"எழுதிட்டு வாங்களேன். செத்தவரோட சம்சாரம் வந்து படிக்கவா போறா?"

"படிக்க மாட்டா."

"அப்புறம் என்ன? ஐஸ் ரூம்ல நின்னு நின்னு விரல் மரத்துப்போச்சுன்னு ராத்திரி பூரா தேய்ச்சுக்கிட்டு கெடக்கீங்க."

வெண்டல் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

திரும்பி வந்து பேனாவை எடுத்தார். பெயர் எழுதினார். தேதியைப் பார்க்காமலே எழுதினார். 'நான் சொன்னது' என்று தொடங்கினார். அங்கேயே நின்றது பேனா. எதிரே வந்த விளக்கு வெளிச்சம், கோடு, தன் வலது கால். எத்தனையாவது முறையோ அந்த நொடியைத் தேடினார். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஜெனீவா அவசரப்படுத்தவில்லை. சுவரில் குளிர்சாதனம் இரண்டு முறை நின்று மறுபடி ஓடியது.

"எனக்குத் தெரியல மேடம்."

"தெரியலைன்னே எழுதுங்க."

"எழுதினா மாத்துவாங்களா?"

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து, ஊருக்குத் திரும்பும் பஸ் சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

பஸ் நிலையத்துக்குப் போகும் வேன் வாசலில் நின்றது. எதிரே சரளைத் திடலில் நாற்பது, ஐம்பது புது லாரிகள் வரிசையாக நின்றன. சக்கரங்களுக்கு நடுவே புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. ஒரு மெக்கானிக் சாவிக்கொத்தோடு ஒவ்வொரு வண்டியாக ஏறி, எஞ்சினைக் கிளப்பிவிட்டு, இறங்கி அடுத்ததற்குப் போனான்.

"எதுக்கு அது?" என்று வெண்டல் கேட்டார்.

"பேட்டரி செத்துடக் கூடாதுல்ல," என்றான் வேன்காரன். "ஓட்ட ஆள் கிடைக்க மாட்டேங்குதாம்."

ஆளில்லாத இருக்கைகள் அதிர, லாரிகள் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தன.