உயிரோடு இருந்தவருக்குக் கருமாதி

என் கணவர் உயிரோடு இருந்தபோதே அவருக்குக் கருமாதி வைத்தோம். வைக்கச் சொன்னவர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணன் தம்புசாமி மலாய் நாட்டில், கிள்ளானில் போலீஸ்காரர். தம்பி ரெங்கசாமிதான் என் கணவர். அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. எழுதுவதில் குற்றமில்லை என்று நினைக்கிறேன். காப்பார்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டினார். சிறுவயதிலேயே தாய் தகப்பனைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. தம்புசாமி மாமாதான் தம்பியைத் தூக்கி வளர்த்தார். வளர்ந்த தம்பி, அண்ணனுடைய போலீஸ் தொப்பியை மாட்டுக் கொம்பில் மாட்டிவிட்டு, "துவான் வர்றாரு, வழி விடுங்க!" என்று தோட்டம் முழுவதும் கத்திக்கொண்டு போவார். மலாயில் பெரிய அதிகாரியைத் துவான் என்பார்கள். மாமா திட்டுவார், பிறகு அவரும் சிரித்துவிடுவார்.

1927இல் என் கணவரும் வேறு இருவரும் தோட்டத்துச் சம்பள வண்டியைக் காப்பார்ச் சாலையில் மறித்தார்கள். கங்காணி மேல் இருந்த ஆத்திரமா, கூட்டாளிகள் ஏற்றிவிட்ட வீம்பா, எனக்கு இன்றுவரை தெரியாது. வண்டிக் காவல்காரர் அடிபட்டுச் செத்துப்போனார். பிடிபட்ட கூட்டாளிகள் இருவரும், அடித்தது ரெங்கசாமி என்றார்கள். அகப்பட்டால் தூக்கு. அவர் கடலோரச் சதுப்புக் காட்டுக்குள் ஓடிவிட்டார். முகம் தெரிந்தவர் என்று, தேடும் வேலையில் அண்ணனையே போட்டார்கள்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் செங்கல் சூளைக்குப் பக்கத்தில் என் தகப்பனாரின் பலகை வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு சாயங்காலம் மாமா வந்தார். தம்பி பெண்டாட்டி என்பதால் அதுவரை என்னிடம் நேருக்கு நேர் பேசியதில்லை. அன்று சமையற்கட்டுக்கே வந்து நின்றார்.

"இராஜம்மா, கழிமுகத்துல ஒரு பொணம் ஒதுங்கியிருந்துச்சு. முகத்தை நண்டு தின்னுருச்சு. என் தம்பிதான்னு எங்க போலீஸ் துரைகிட்டச் சொல்லிட்டேன்."

"அவரா மாமா?" என்றேன்.

"இல்லம்மா. எவ பெத்த பிள்ளையோ. நம்ம ஆளு காட்டுலதான் இருக்கான். காதர் பாய் தோணியில சுமத்ராவுக்கு அனுப்பிடுவேன். அதுவரைக்கும் துரை நம்பணும். நீ அழணும், ஊரே பாக்க அழணும். பதினாறாம் நாளு..." முடிக்காமல் தரையைப் பார்த்தார்.

"உசிரோட இருக்கறவருக்கு நான் தாலி இறக்கறதா?"

"இறக்கலேன்னா அவனைத் தொங்க விட்டுருவானுங்க."

அழுதேன். அதில் நடிப்பே இல்லை. தாலியைக் கழற்றினால் அவர் ஆயுளை நானே குறைப்பதாகும் என்றுதான் என்னை வளர்த்திருந்தார்கள். கழற்றாவிட்டாலும் உயிர் போகும். சோறு இறங்கவில்லை. ஊரார் அதைத் துக்கம் என்றார்கள்.

கருமாதியன்று காலை ஆற்றங்கரைக்குப் போனோம். துரைக்குச் சந்தேகம் தீரவில்லை போலும். ஒரு சீக்கிய சார்ஜனை அனுப்பியிருந்தார். அவர் தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா, அவரும் புருஷனை இழந்தவர், "கண்ணை மூடிக்க, தாயீ" என்று என் கழுத்தில் கை வைத்தார்.

நான் மூடவில்லை. அடுக்கியிருந்த செங்கல்லுக்குப் பின்னாலிருந்து, தாடியும் சேறுமாக ஓர் ஆள் வந்துகொண்டிருந்தான். நடையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

மாமாவுக்கும் தெரிந்தது. ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"யாருய்யா நீ? காக்காய்க்கே இன்னும் வைக்கல, அதுக்குள்ள சோத்துக்கு வந்துட்டியா? போ, போ!"

"எனக்குப் படைச்ச சோறுதானே அண்ணே, நான் திங்கக் கூடாதா?"

"போயிருடா." மாமா குரலைத் தணித்தார். "உன் காலைப் பிடிக்கிறேன், போயிரு."

"அவ கழுத்துலேர்ந்து கையை எடுக்கச் சொல்லு. போயிடறேன்."

"ஐயோ, பேய்!" என்று யாரோ ஒருத்தி அலறினாள். பெண்கள் சிதறி ஓடினார்கள். மாரியாயி அக்கா மட்டும் என்னை விடவில்லை. சார்ஜன் வந்து, யார் இவன் என்று மலாயில் கேட்டார்.

"பிச்சைக்காரன், துவான். கொஞ்சம் பைத்தியம்" என்றார் மாமா.

சார்ஜன் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியவர் மாமாதான்.

"இந்த ஆளு உன் புருஷனான்னு கேக்கறாரும்மா."

"இல்ல. இவனை நான் பாத்ததே இல்ல" என்றேன்.

சார்ஜன் நகரவில்லை. என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏதாவது செய்தால்தான் நம்புவார் என்று பட்டது. மாரியாயி அக்காவிடம், "எடுங்கக்கா" என்றேன்.

நான் 'இல்ல' என்றதை என் கணவர் தாங்கிக்கொண்டார். இதைத் தாங்க முடியவில்லை.

"எடுக்காதீங்க! ரெங்கசாமி நான்தான்." சார்ஜனிடம் அதையே மலாயிலும் சொன்னார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார்.

மாமா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். இடுப்பிலிருந்த போலீஸ் வாரைத் தானே அவிழ்த்துப் பக்கத்தில் வைத்தார்.

புடு சிறையில் ஒருமுறை என்னைப் பார்க்க விட்டார்கள்.

"தோணியில ஒரு காலை வச்சிட்டேன், இராஜம். நாளைக்கு உங்க வீட்டுல தாலி இறக்கறாங்கன்னு காதர் பாய் பேச்சுவாக்குல சொன்னாரு. தூர நின்னு ஒரு தடவை பாத்துட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன்."

"பாத்துட்டுப் போயிருக்கலாமே!"

"எங்க போறது? செத்தவன் எந்த ஊருல போய்ப் பொழைக்கிறது?"

பொய்ச் சாட்சிக்காக மாமாவையும் அதே சிறையில் அடைத்தார்கள். என் கணவரைத் தூக்கிலிட்ட அன்று மாரியாயி அக்காவும் நானும் மட்டும் தாலி இறக்க ஆற்றுக்குப் போய்வந்தோம்.

விடுதலையான பிறகு மாமா ஒருமுறை வீட்டுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கடைசி நாளில் தன் அறையைத் தாண்டித்தான் தம்பியைக் கூட்டிப்போனார்கள் என்றார்.

"போயிட்டு வரேண்ணே" என்றாராம் தம்பி.

"பாத்துப் போடா" என்றாராம் மாமா. அந்த நேரத்தில் தனக்கு வேறு வார்த்தை வரவில்லை என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.